வெடிக்காத ஆறாவது குழி

பிளாக்தார்ன், நெவாடா
அக்டோபர் 1897

அன்புள்ள மகன் ஹெட்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பு சரியாக இருக்கிறது. உன் தங்கை மெர்சிக்கு இருமல் குறைந்துவிட்டது. மற்றதை எங்காவது உட்கார்ந்து படி.

உன் கடிதம் நேற்றுக் கழுதைத் தபாலில் வந்தது. தண்டவாளம் பிடுங்கும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய் என்றும், வரும் வாரம் நம் ஊர்ப் பாலத்தில் வேலை என்றும் எழுதியிருக்கிறாய். மேஸ்திரி லஸ்க் நல்ல மனிதர், தாடைதான் கொஞ்சம் கோணல் என்றும் எழுதியிருக்கிறாய். அது எப்படிக் கோணியது என்று நான் சொல்கிறேன்.

நீ கிளம்பியபோதே வெள்ளி விலை சரியத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்பு இந்த ஊர் போட்ட ஆட்டம் உனக்கே தெரியும். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு ரயிலில் பனிக்கட்டி வரவழைத்துக் குடித்தார்கள். இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பம்புகளை நிறுத்தியதும் அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. போகிறவர்கள் வீட்டுப் பலகைகளைக் கூடக் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் அப்பா மட்டும் அசையவில்லை. விலை திரும்பும், ரயில் இருக்கிறவரை ஊர் சாகாது என்று அடித்துச் சொன்னார். அவர் பிடிவாதத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

ஆகஸ்டில் ரயில் கம்பெனி தண்டவாளத்தைப் பிடுங்கச் சொல்லி அனுப்ப, லஸ்க் ஆட்களோடு வந்து இறங்கினான். நம் ஆண்கள் தண்டவாளத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். “எந்திரிங்கடா, எலிப் பசங்களா. வெள்ளியே செத்துப்போச்சு, நீங்க என்னத்துக்கு இன்னும் மூச்சு விடுறீங்க?” என்று கேட்டான். பக்கத்து வீட்டு நெட் ஹாக்கிங் எழுந்து, மண்வெட்டிப் பிடியால் அவன் வாயிலேயே ஒன்று வைத்தான். தாடை உடைந்த சத்தம் பின்னால் நின்ற பெண்கள் வரிசை வரைக்கும் கேட்டது. உடனே அவனோடு வந்த காவலாட்கள் சுட்டார்கள். நெட்டின் தம்பி டோபியாஸ் அங்கேயே விழுந்தான். தூக்கப் போனபோது அவன் ரத்தம் என் பாவாடையில் ஒட்டியது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அதோடு நம் ஆட்கள் விட்டார்களா? மறுநாள் காவலாள் ஒருவன் தனியாகச் சிக்கினான். ரயில் தண்ணீர்த் தொட்டியின் மரச்சட்டத்தில் அவனைத் தொங்கவிட்டார்கள். உன்னைவிடச் சின்னவன். தொங்குகிறவனின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு போனவர்களோடுதான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறேன். இந்த ஊர் மேல் எனக்கு இருந்த ஆசை அன்றோடு போனது.

லஸ்க் போய்ப் புது ஆட்களைத் திரட்டுகிறான் என்று தெரிந்ததும், உன் அப்பா பாலத்தை உடைக்கக் கிளம்பினார். “நம்ம வயித்துல அடிச்சவன் நடந்து வரட்டும்” என்றார். நெட்டும் அவரும் நடுத்தூணில் ஆறு குழி போட்டு, வெடிமருந்து வைத்துத் திரி கொளுத்தினார்கள். கரையேறி நின்று எத்தனை வெடித்தது என்று சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் லஸ்க் வந்துவிட்டான். உன் அப்பா ஓடியிருக்கலாம். எண்ணி முடிக்காமல் நகரமாட்டேன் என்று நின்றாராம். லஸ்க் அவரை வயிற்றில் சுட்டான்.

ஆமாம் ஹெட்லி, உன் அப்பா போய்விட்டார். ஒரு கதவுப் பலகையில் தூக்கி வந்து சமையலறை மேசையில் கிடத்தினார்கள். என் பெயரையோ உன் பெயரையோ அவர் சொல்லவில்லை. “அஞ்சுதான் வெடிச்சுது, ஜெனி. ஒண்ணு உள்ளேயே நிக்குது. அடுத்து எறங்குறவன்கிட்ட சொல்லிடு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியே அடங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மேசையைக் குத்தினேன்.

அவர் ஏன் அதைச் சொன்னார் என்று சுரங்கத்தில் வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெடிக்காத குழியை அடுத்து இறங்குகிறவனிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போனவனோடு நம் ஆட்கள் யாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். ஆனால் இந்தத் தடவை எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். “அக்கா, மூச்சு விடாத. அது லஸ்க்குக்குன்னு வெச்சது” என்றான் நெட். நானும் சரி என்றேன். உன் கடிதம் வரும்வரை நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

அந்த ஆறாவது குழி, பாதி இடிந்து நிற்கிற நடுத்தூணில், நம் ஊர்ப் பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே இருக்கிறது. கடப்பாரையோ சுத்தியலோ அதில் படவே கூடாது. நீ அங்கே கால் வைக்காதே. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடமும் சொல்லிவிடு. எங்கேயோ அவர்களுக்கும் அம்மா இருப்பாள். லஸ்க்குக்கும் இருப்பாள்தானே என்று மெர்சி கேட்கிறாள். போய்ப் படு என்று அவளை விரட்டிவிட்டேன்.

நான் சொன்னது நெட்டுக்குத் தெரிந்தால் இந்த ஊரில் எனக்கு இடமில்லை. பரவாயில்லை. மலைப்பாதை வழியாக வந்து எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போ. துப்பாக்கி எடுத்து வராதே.

கர்த்தர் உன் கைகால்களைக் காப்பாற்றட்டும். லஸ்க்கிடமும் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மகனே. என்னால் முடியவில்லை. உன் அப்பாவால் முடிந்திருக்கும்.

உன் அம்மா,
ஜெனிஃபர் ட்ரெகியர்