முதல் பாலிசி

என்னங்க,

பரீட்சையில் தேறிவிட்டேன். காப்புறுதி விற்க லைசென்ஸும் வந்துவிட்டது. ஆனால் இங்கே நம் புந்தோங் வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

பயிற்சியில் ஒரு கேள்வியை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: "நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா?" அதைச் சொல்லும்போதெல்லாம் என் கை தானாகத் தாலிக்குப் போகிறது. சொல்லிக்கொடுக்கும் குமுதா அக்கா கத்தினார்: "தாலிய புடிச்சிக்கிட்டுப் பேசினா யாரு பாலிசி எடுப்பா லா? மொதல்ல ஒன் வீட்டுக்காரருக்கே வித்துப் பழகு!"

அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் விடியுமுன் ஜொகூர்ப் பாலத்தில், லாரிகளுக்கு நடுவே, நீங்கள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போவது கண்முன் வந்துவிட்டது.

பாலிசியை மற்றவர்களுக்கு நான் விற்றுக்கொள்கிறேன். நீங்கள் அந்த மோட்டாரை விற்றுவிட்டு பஸ்ஸில் போங்கள். லேட்டானால் முதலாளி திட்டட்டும்.

இன்னொரு கையால் தாலியைப் பிடித்தபடி,
உங்கள் மனைவி