அப்புச்சி அமர்த்தாத விளக்கு

ஐப்பசி 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: திரி, ந.எண்ணெய், சீயக்காய்.

அம்மன் கோயிலுக்குத் தூக்கு விளக்கு, அனுப்பர்பாளையம் விளக்குக் கடையில் சொல்லியாயிற்று. கும்பாபிஷேகத்துக்குள் வந்துவிடும். விளிம்பில் வெட்ட வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்: ‘ஊர்க்காவல் படை நாச்சிமுத்து நினைவாக, பேத்தி சரஸ்வதி உபயம்.’ என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. பாகிஸ்தான் சண்டையின்போது காக்கி போட்டு, விசிலோடு ஊர் சுற்றியவர்.

ஐப்பசி 16, வியாழன்

வெயில். கோயில் கமிட்டித் தலைவர் ஈஸ்வரன் வந்தார். காபி வேண்டாம் என்றபோதே தெரிந்தது, ஏதோ வில்லங்கம்.

“ஏனுங்க்கா, உங்க அப்புச்சி பேரு மட்டும் போதுமுங்க. அந்தப் படைப் பேரு வேண்டாங்க. சண்டையப்ப கோயல் வெளக்கயே அமத்துனவருன்னு பெரியவங்க இன்னும் பேசறாங்க.”

“அமத்துனத ஆருங்க பாத்தா?”

“எங்கப்பா சொல்லுவாருங்க.”

“நான் பாத்தனுங்க. சட்டி கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான்.”

ஆறு வயது எனக்கு. விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாது, எல்லா விளக்கையும் அமர்த்து என்று உத்தரவு. அம்மன் விளக்கை அமர்த்த அப்புச்சிக்குக் கை வரவில்லை. அதன் மேல் மண்சட்டியைக் கவிழ்த்தார். மூச்சு விடட்டும் என்று அடியில் ஓட்டுச்சில். விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே சொன்னால் உத்தரவை மீறியதாகும். சொல்லவில்லை. ஊரே ஏசியது. வாங்கிக்கொண்டார்.

“சின்னப்புள்ளைல கண்டதுங்க. கனவா இருக்கும்.” சிரிப்பு வேறு.

“கனவுல சட்டி தொட்டா வெரல் சுடுமுங்களா?”

“கமிட்டீல ஒத்துக்க மாட்டாங்க்கா.”

“வேண்டாம். வெளக்கு எங்க ஊட்டுல எரியட்டும். அம்மனுக்கு வழி தெரியும்.”

ஐப்பசி 17, வெள்ளி

கோயிலில் பூஜை, கமிட்டிக்காரர்களும் இருந்தார்கள். மாவிளக்கு. இன்று எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. சட்டிக்குள் இருந்தவள் நீதானே, வந்து சாட்சி சொல் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

ஐப்பசி 20, திங்கள்

மழை இல்லை. மோட்டார் ரிப்பேர்.

ஈஸ்வரன் போன். “நீங்க சொன்னபடியே போட்டுக்குங்க்கா. கமிட்டீல ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்க.”

“அம்மனுக்குப் பயந்துங்களா?”

“உங்களுக்குப் பயந்துங்க.”

இருக்கட்டும்.

மத்தியானம் விளக்குக் கடைக்காரர். “அம்மா, விளிம்புல எடம் பத்தாதுங்க. ஊ.கா.ப.ன்னு சுருக்கிக்கலாமுங்களா?”

“அதென்னங்க, கட்சியா? முழுசா வெட்டுங்க.”

“அப்ப எத எடுக்கறதுங்க?”

“பேத்தி சரஸ்வதி உபயம். அத எடுங்க.”