தரையை விட்டு எழும்பும் சக்கரம்

அன்பு மகள் மிரியமுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் தேனீக்களும் நலமாயிருக்கிறோம், அங்கே நீயும் உன் கையால் ஊசி போட்டுக்கொள்கிற ஆடுமாடுகளும் நலமாயிருக்கவேண்டும். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், தொழுவத்து வேலை முடிந்த வியர்வையோடு காற்றில் போய் நிற்காதே, போன வருடம் வந்த இருமல் எத்தனை நாள் உன்னைப் படுத்தியது என்று மறந்திருக்கமாட்டாய். இங்கே லிண்டன் மரங்கள் பூத்துவிட்டன, பெட்டிகள் கனத்துக்கொண்டே போகின்றன. கிரெசென்ஸ் அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, வாய்க்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது, அது பழையபடியே ஓடுகிறது.

சரி, இதையெல்லாம் எழுதவா பேனாவை எடுத்தேன்? நேற்று நானும் அம்மாவும் மியூனிக் போய்வந்தோம், காப்புரிமை அலுவலகத்துக்கு. என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் வரிசையாகப் படி. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ கடைசியாக வந்தபோது பார்த்தது அம்மா செய்த மோட்டார் கைவண்டியின் பழைய வடிவம், அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். என் முதுகு அறுவைக்குப் பிறகு தேன் பெட்டிகளை மேட்டிலிருந்து இறக்கமுடியாமல் நான் தேனீயே வேண்டாம் என்று சொன்ன நாளில்தான் அவள் அதைத் தொடங்கினாள். நாளெல்லாம் பனிச்சறுக்கு மலையில் இழுவைக் கம்பி மோட்டார்களைப் பழுதுபார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைவண்டியின் அடியில் படுத்துக்கொள்வாள். இப்போது இருப்பது ஒரு சின்னப் பெட்டி, எந்தக் கைவண்டியின் அடியிலும் நான்கு திருகில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே ஒரு மோட்டார், வெளியே ஒரு சக்கரம். கைப்பிடியை நீ எவ்வளவு பலமாக இழுக்கிறாயோ அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி அது உதவும். அதோடு இன்னொன்று, அதுதான் கதையே. சிறுபிள்ளைகள் விளையாடும் சீசா பலகை இருக்கிறதல்லவா, அதைப்போல ஒரு இரும்புக் கை. ஒரு முனையில் அந்தச் சக்கரம், மறுமுனையில் ரப்பர் கட்டை. கைப்பிடியை இழுத்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்கும், விட்டால் சக்கரம் மேலே ஏறிக்கொள்ளும், ரப்பர் கட்டை தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தும். மேட்டின் நடுவில் கையை விட்டாலும் வண்டி அசையாது. பேட்டரி தீர்ந்துபோனால் பெட்டியில் இருக்கும் ஒரு கொக்கியைப் போட்டு அந்தக் கையையே நடுவில் நிறுத்திவிடலாம், பிறகு அது சாதாரணக் கைவண்டிதான். கிரெசென்ஸ் அத்தை இதைப் பார்த்துவிட்டு, "கைவண்டிக்கு மோட்டாரா? அடுத்தது என்ன, கைக்குட்டைக்கா?" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை வழக்கறிஞர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே எழுதி அனுப்பினாள். கெம்ப்டனில் பட்டறை வைத்திருக்கும் ஷ்டெங்கலே வந்து ஓட்டிப் பார்த்து, காப்புரிமை கிடைத்தால் நாளைக்கே செய்ய ஆரம்பிக்கிறேன், கிடைக்காவிட்டால் நான் செய்து விற்ற மறுவாரம் பெரிய கம்பெனிக்காரன் காப்பியடித்துவிடுவான், அதனால் தொடமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

காப்புரிமை அலுவலகத்தில் அம்மாவின் விண்ணப்பத்தைச் சோதித்த பரிசோதகர் பெயர் புரோக்மான். அவரிடமிருந்து வந்த பதில் முகத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. கையின் பலத்தை உணர்ந்து ஓடும் வண்டி புதிதே அல்ல, பல ஆண்டுகளுக்கு முன்பே ஸ்வீடனில் ஜி. ஓகெர்ப்லூம் என்பவர் ரயில் நிலையத்துச் சாமான் வண்டிக்கு இதைச் செய்து பதிவு செய்திருக்கிறார், அதிலும் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, காலால் மிதித்தால் இறங்கும், ஆகவே சீசா கையும் அந்த வழியில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாக அந்த ஸ்வீடன்காரன் உட்கார்ந்துவிட்டான். ரொட்டி கருகினால் ஸ்வீடன்காரன், மழை பெய்தால் ஸ்வீடன்காரன். "அந்த ஆளு உசுரோட இருந்தா நேர்ல போய் நாலு வார்த்தை கேக்கணும்" என்று ஒருநாள் சொன்னாள், நான் விளையாட்டுக்கு, "கேளேன், யார் வேணாம்னா?" என்றேன். மறுநாளே நம்பரைத் தேடிப் பிடித்துவிட்டாள். எடுத்தது ஒரு பெண். அம்மா விறைப்பாக, "உங்க வீட்டுக்காரர் இருக்காரா, வண்டி கண்டுபிடிச்சவர்?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து கரகரப்பான ஜெர்மனில், "வீட்டுக்காரர் தபால்காரர், போய்ச் சேர்ந்துட்டார். வண்டி கண்டுபிடிச்சது நான். நீங்க யாரு?" என்று பதில் வந்தது. அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். தனக்கு வருகிற தொழில் கடிதமெல்லாம் 'ஐயா' என்று தொடங்குகிறதே என்று இத்தனை வருடம் பொருமியவள், ஸ்வீடன்காரன் என்று மாதக்கணக்கில் திட்டியது குன்வோர் ஓகெர்ப்லூம் என்ற ஒரு பெண்ணை! போனைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மே மாதம் ரயிலேறி ஸ்வீடனில் யேவ்லே என்ற அந்த ஊருக்கே போய்விட்டோம். இவ்வளவு தூரம் சண்டை போடவா என்று நான் முணுமுணுத்துக்கொண்டே போனேன். குன்வோர் நெட்டையான அம்மாள், இப்போதும் சைக்கிளில்தான் கடைக்குப் போகிறாள், ஏலக்காய் மணக்கிற பன்னைத் தட்டு நிறைய வைத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். "அதை நான் எழுதினதுலேர்ந்து படிச்சது ரெண்டே பேர்தான், நீயும் உங்க பரிசோதகரும். அதனால நீ சண்டை போட வந்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்" என்றாள். ஸ்வீடன் ரயில்வே அவளுடைய வண்டியை வாங்கவே இல்லையாம். அம்மா பையிலிருந்து மரத்தில் செய்த சின்ன மாதிரியை எடுத்துச் சர்க்கரை டப்பாவை ஏற்றி மேசைமேல் ஓட்டிக் காட்டினாள். இழுத்தாள், சக்கரம் இறங்கியது, விட்டாள், கட்டை ஊன்றியது. குன்வோர் பன்னைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், இன்னொரு முறை, பிறகு, "அடி பாவி, சக்கரத்தைத் தூக்கிட்டியா?" என்றாள். தூக்கினால் என்ன என்று அம்மா கேட்டாள். குன்வோர் எழுந்துபோய்த் தன் பழைய பதிவை எடுத்துவந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். நாங்கள் கணினி மொழிபெயர்ப்பில் அந்த வரியைப் படித்திருந்தோம், 'சக்கரம் தரையை விட்டு எழும்பத் தேவையில்லை' என்று இருந்தது, அதில் ஒன்றுமில்லை என்று தாண்டிப்போயிருந்தோம். "தேவையில்லைன்னு நான் எழுதல. எழும்பவே கூடாதுன்னு எழுதினேன். எழும்பினா பிடி போயிடும், சரிவுல ஆளைக் கொன்னுடும்னு நினைச்சேன். தரையை விடாம சக்கரத்தை அழுத்தி வைக்கத்தான் அத்தனை ஸ்பிரிங் போட்டேன். நீ அதையே தூக்கிட்டு அதுலயே பிரேக்கும் போட்டுட்ட" என்றாள். புரிகிறதா மிரியம்? அவளுடைய பதிவைப் படித்த எவனுக்கும் சீசா தோன்றாது, தோன்றினாலும் செய்யாதே என்றுதான் அது சொல்கிறது! அம்மா அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், நான் மீதிப் பன்களைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வரியை முறையாக மொழிபெயர்க்கவைத்து அனுப்பியதும் நேரில் வரச்சொல்லிப் பரிசோதகர் எழுதினார். நேற்று அதற்குத்தான் போனோம், வண்டியும் கூட வந்தது. ஓட்டிக் காட்டும்போது கனம் இருக்கட்டும் என்று சர்க்கரை மூட்டையை ஏற்றிக்கொண்டு ரயிலடியிலிருந்து ஆற்றங்கரையில் இருக்கும் அந்த அலுவலகம்வரை அம்மா ராணிபோல இழுத்துக்கொண்டு நடந்தாள், சைக்கிள்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் புரோக்மான் கண்ணாடியைத் துடைத்தபடி, "நான் பாக்கவேண்டியது எழுத்தை, வண்டியை இல்லை" என்று சொல்லி வண்டியை முற்றத்திலேயே விடச் சொல்லிவிட்டார். வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள், அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குன்வோர் சொன்னதையெல்லாம் அம்மா ஆரம்பித்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தி, "காபி குடிக்கும்போது அவங்க சொன்னதை நான் எடுத்துக்க முடியாது. அவங்க எழுதினதை மட்டும்தான் எடுத்துக்க முடியும்" என்றார். "அப்ப எழுதினதையே படிங்க" என்று அம்மா அந்த வரியை ஸ்வீடிஷிலேயே வாசித்தாள், உச்சரிப்பு மகா மோசம், ஆனாலும் குரல் உடையவில்லை. அவர் அதைப் படித்தார், படத்தைப் பார்த்தார், ஸ்பிரிங்குகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, சீசா கை புதியதுதான், யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதும் அல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன் என்றார். நான் எழுந்தே விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. "உங்க முதல் கோரிக்கை ரொம்ப அகலமா இருக்கு. கையை உணர்ந்து ஓடுற எல்லா வண்டியும் உங்களுதுன்னு கேக்குறீங்க. அதை விட்டுட்டு சீசாவோட மட்டும் நிக்கிறதா இருந்தா இன்னிக்கே முடிச்சிடலாம். இல்லேன்னா நிராகரிக்கிறதைத் தவிர எனக்கு வழியில்லை. வெளியில போய்ப் பேசிட்டு வாங்க" என்றார்.

நடைபாதையில் என் சத்தியம் உடைந்தது. விடாதே லியோபா, இவ்வளவு தூரம் இறங்கி வந்தவர் இன்னும் இறங்குவார், சீசாவை மட்டும் வைத்துக்கொண்டால் வேறெவனாவது வேறுவிதமாகக் கையை உணரவைத்துப் பிழைத்துக்கொள்வான் என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாம் அவள் பழைய வாதங்கள்தான், ஸ்வீடன்காரன் நாட்களில் மேசையைத் தட்டித் தட்டி எனக்குச் சொன்னவை. அவள் ஜன்னல் வழியாகக் கீழே முற்றத்தில் நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மைன்ராட், அந்தக் கையை உணர்றது குன்வோரோடது. அது யாருதுன்னே தெரியாதபோது கேட்டேன், சரி. இப்ப அவ வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து அதையே என்னுதுன்னு கேக்கறதா? வேணாம். சீசா என்னுது. முழுசா என்னுது, அது போதும்" என்றாள். மகளே, அவளோடு வாழத் தொடங்கி இத்தனை காலமாயிற்று, அவள் பிடித்த பிடியை விட்டு நான் பார்த்தது நேற்றுதான், விட்டபோதுதான் எவ்வளவு உயரமாக நின்றாள்! உள்ளே போனோம். பரிசோதகர் திருத்திய வாசகத்தை வாசித்துக்காட்டினார், அம்மா ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், அவர் மாற்றினார், பிறகு எழுந்து நின்று காப்புரிமை வழங்கப்படுகிறது என்று அறிவித்தார். கிடைத்துவிட்டது மிரியம்! கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது! அம்மா நன்றி என்று மட்டும் சொன்னாள், மேசைக்கு அடியில் என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் இன்னும் வலிக்கிறது.

முற்றத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. புரோக்மான் கையில் சாண்ட்விச்சோடு வந்து நின்று, இப்போது சாப்பாட்டு வேளை, இப்போது நான் பரிசோதகர் இல்லை என்று சொல்லிக் கைப்பிடியை நீட்டச் சொன்னார். சரிவுப் பாதையில் இழுத்துக்கொண்டு ஏறினார், நடுவில் கையை விட்டார், வண்டி நின்றது, திரும்பவும் இழுத்தார், திரும்பவும் விட்டார், சின்னப்பிள்ளைபோல ஓஹோ என்று சிரித்தார். காவல்காரரும் ஒருமுறை கேட்டு வாங்கி ஓட்டினார். நான் கொண்டுபோயிருந்த தேன் பாட்டிலைப் பரிசோதகர் வாங்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டதால் ரயிலில் நாங்களே ரொட்டியில் தடவித் தின்று வந்தோம். வழியிலேயே அம்மா குன்வோருக்குப் போன் போட்டாள், அந்தப் பக்கம் போட்ட கூச்சல் பெட்டி முழுக்கக் கேட்டது. ஸ்வீடனுக்கு வருகிற முதல் வண்டி எனக்குத்தான், இலவசமாகக் கொடுத்தால் எட்டி உதைப்பேன் என்றாளாம். ஷ்டெங்கலேக்கு இன்று காலையில் சொன்னோம், அவர் இரும்புக்கு ஆர்டர் கொடுக்க ஓடிவிட்டார். இந்த வருடத் தேனை நான் மேட்டிலிருந்து நானே இறக்கப்போகிறேன், முதுகைப் பற்றி இனி நீ கவலைப்படாதே.

அன்பு மகளே, நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கை பட்ட உயிரெல்லாம் பிழைக்கவேண்டும், உனக்கும் இப்படி ஊர்முழுக்க ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்போல ஒரு நாள் வரவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. முத்திரை குத்திய காகிதம் கைக்கு வந்த பிறகுதான் பிள்ளைக்குச் சொல்வேன், அதுவும் நானே என் வாயால் சொல்வேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், நான்தான் வயிற்றில் வைத்திருக்கமுடியாமல் அவள் மலைக்கு வேலைக்குப் போன நேரத்தில் எழுதிவிட்டேன். படித்ததும் இதை ஒளித்துவை. அவள் கூப்பிட்டுச் சொல்லும்போது எதுவுமே தெரியாதவள்போல முதலிலிருந்து கேள், நடுவில் குறுக்கிடாதே, சீசா என்றால் என்னம்மா என்று கேள், சொல்லி முடித்ததும் நன்றாகக் கத்து, பக்கத்து அறையில் இருக்கிற எனக்கும் கேட்கவேண்டும்.

உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும்,
அப்பா மைன்ராட்