பின்படிக்கு அடியில் ஒரு தாய்

லொரெய்ன்,

பின்பக்கம் போகாதே. நாயையும் விடாதே.

படிக்கு அடியில் குடியிருக்கும், மிரண்டால் நாற்றநீர் பீய்ச்சும் ஸ்கங்க்கை நோகாமல் வெளியேற்ற, வெளியே போகலாம், திரும்ப வர முடியாது என்கிற மாதிரி ஒரு கதவை நேற்று மாட்டினேன். தெருவையே கூட்டி ஜீவகாருண்யப் பிரசங்கமும் செய்தேன். "இது மே மாசம், மெர்ல். குட்டி கிடக்கும், முதல்ல குனிஞ்சு பாரு" என்றாய். "எனக்கே பாடமா?" என்றேன்.

விடியும்போது தாய் வெளியே பிறாண்டுகிறாள், உள்ளே குட்டிகள் கத்துகின்றன. ஓடிப்போய்க் கதவைக் கழற்றினேன். பிரசங்கியின் முகத்துக்கு அபிஷேகம் செய்துவிட்டு உள்ளே போனாள். இப்போது கத்தல் இல்லை. பால் கிடைத்துவிட்டது போல.

நாற்றத்தைக் கழுவப் பெராக்சைடு வாங்கப் போகிறேன். சூப் அடுப்பில் இருக்கிறது. குட்டிகள் வளரும்வரை நமக்கு முன்வாசல்தான்.

பி.கு.: நீ சொன்னதுதான் சரி. இதை உரக்கவே படித்துக்கொள். தெருவே ஜன்னலைச் சாத்திவிட்டது, யாருக்கும் கேட்காது.