மாமா சாகும் காட்சி

பிரான்சு தேசத்து அன்பு மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம், அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டரில் உள்ள எங்கள் வீட்டில், ஆலோசனை எதுவும் இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறியது: இனிமேல் டிவி ரிமோட் என் கையில் இருக்கக் கூடாது. ஆதரவாக இரண்டு வாக்குகள், எதிராக ஒன்று. உங்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால், இத்தனை காலம் நீங்கள் எங்கள் வீட்டில் உயிரோடு இருந்தது அந்த ரிமோட்டால்தான்.

உங்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாது. முதன்முதலில் நூலகத்திலிருந்து ஏதோ ஒரு பிரெஞ்சு டிவிடியை எடுத்துவந்து போட்டேன். அதில் நீங்கள் ரயில் நிலைய அதிகாரியாக நடித்திருந்தீர்கள். நாற்காலியில் தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, இல்லையென்று தெரிந்தும் ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்தீர்கள். என் மனைவி சுமதி கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏங்க, அப்பாங்க!"

அவள் அப்பா கோபிசெட்டிப்பாளையத்தில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அதே வழுக்கை, அதே மூக்கு, அதே தட்டல். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு மாமா; எங்கள் மகள் பவித்ராவுக்கு 'பிரெஞ்சு தாத்தா'.

சுமதியின் அப்பா அதற்கு முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். எங்கள் க்ரீன் கார்டு விண்ணப்பம் அப்போது பாதி வழியில் நின்றது. பயண அனுமதி வராமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பமே ரத்தாகிவிடும் என்று வக்கீல் மிகுந்த அனுதாபத்துடன் சொன்னார். சுமதி போகவில்லை. தகனம் முடிந்ததைத் தம்பி போனில் சொன்னான். அவள் "சரி" என்று வைத்துவிட்டு, பவித்ராவை டேகேரிலிருந்து கூட்டிவரப் போனாள்.

பிறகு கார்டு வந்தது. அப்போதும் போகவில்லை. "எப்பக் கண்ணு வருவே?" என்று அவள் அம்மா கேட்கும்போதெல்லாம், "ஸ்கூல் லீவு விடட்டும்மா" என்பாள். லீவு விட்டார்கள், திறந்தார்கள், மறுபடி விட்டார்கள். நான் வற்புறுத்தியபோது ஒரே ஒருமுறை காரணம் சொன்னாள்: "அங்க போனாத்தாங்க அப்பா இல்ல. இங்கயே இருந்தா அவர் அங்க இருக்கறாரு." இதை மறுக்க உங்களிடம் வாதம் இருக்கிறதா?

சிக்கல் உங்கள் தொழிலில் இருந்தது, மாமா. ஐம்பது வருடங்களுக்கு மேல் நடித்தீர்கள். கதவு திறந்துவிடும் இளைஞன், பின்வரிசைப் போலீஸ்காரர், பிறகு இன்ஸ்பெக்டர், டாக்டர், பாதிரியார், நீதிபதி. ஒரு கதாநாயகியாவது உங்களைத் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை. எங்கள் படங்களில் குணச்சித்திர நடிகர் தங்கைக்குக் கல்யாணமாவது செய்துவைத்துவிட்டுச் சாவார். நீங்கள் படத்துக்குப் படம் எந்த முகாந்திரமும் இல்லாமல் செத்தீர்கள். இருமாமல், வசனம் பேசாமல், காபி ஆறுவதற்குள்.

அதனால் எனக்கு ஒரு வேலை வந்தது. ஒவ்வொரு படத்தையும் நான் முன்கூட்டியே தனியாகப் பார்த்து, நீங்கள் சாகும் இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வேன். சனிக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போது, அதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவேன். "அவ்வளவுதான் படம்" என்பேன். சுமதி எழுந்து துணி மடிக்கப் போவாள். பவித்ரா மட்டும், "டாட், தட்ஸ் நாட் த எண்ட்" என்பாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. எதையும் முழுதாகக் கேட்கும்.

போன வாரம் இணையத்தில் உங்களைப் பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று போட்டிருந்தார்கள். நான் பக்கத்தை மூடுவதற்குள் சுமதி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இவருமா?" என்றாள்.

இரண்டு நாள் உங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிறு மதியம் அவளே ஒரு டிவிடியை எடுத்துவந்து போட்டாள். கடற்கரை ஊரில் நீங்கள் மருந்துக்கடை வைத்திருப்பீர்களே, அந்தப் படம். வழக்கமான இடம் வந்ததும் என் விரல் பொத்தானுக்குப் போனது.

"குடுங்க அதை," என்று ரிமோட்டைப் பிடுங்கிப் பவித்ராவிடம் கொடுத்தாள். "நீ வெச்சுக்க. அப்பா கேட்டாக் குடுக்காத."

"யெஸ்!" என்றாள் பவித்ரா.

செத்தீர்கள். நீங்கள் போன பிறகும் படம் ஓடுகிறது என்பதே சுமதிக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியூரிலிருந்து உங்கள் மகள் வருகிறாள். அடக்கம் முடிந்துவிட்டது. ஆணியில் தொங்கும் உங்கள் கோட்டை எடுத்து, தோள்பட்டையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, மறுபடி அங்கேயே மாட்டுகிறாள். அவ்வளவுதான் முடிவு. உங்கள் முகம் மறுபடி வரவே இல்லை. அதுவும் நல்ல நடிப்புதான் என்று நினைக்கிறேன்.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் பவித்ரா.

"அந்தப் பொண்ணு லேட்டாவாச்சும் வந்துட்டாளே," என்றாள் சுமதி. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஊரில் விடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அப்பா சட்டையெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

ஸ்பீக்கரில் அவள் அம்மா: "பீரோலதான் கண்ணு இருக்குது. தம்பி யாருக்காச்சும் குடுத்தரலாம்னான். நாந்தான், அக்கா வந்து பாக்கட்டும்டான்னு சொல்லிட்டேன்."

மாமா, உங்கள் மற்ற படங்களையெல்லாம் இனி கடைசிவரை பார்ப்போம். எத்தனை முறை செத்தாலும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருப்போம். இது என் வாக்கு.

சுமதி புதன்கிழமை நெவார்க் விமான நிலையத்திலிருந்து ஊருக்குக் கிளம்புகிறாள். பவித்ராவின் பள்ளிக்கு இன்னும் லீவு விடவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் பார்த்திராத மருமகன்