ஹீட்டர் பிளக் மாற்றிய ஞாயிறு

மங்கலம்,
மார்கழி, வியாழக்கிழமை.

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க அவிநாசியப்பன் துணை இருக்கட்டும். இங்கே அனைவரும் நலம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அம்மா நலம் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். என் உயிருக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்திவிட்டுப் போன் போடாதே. போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். நடந்து நாலு நாளாகிறது கண்ணு.

பனி ஆரம்பித்ததிலிருந்து நம் வேன் காலையில் ஒரே மக்கர். சாவியைத் திருப்பினால் கர் கர் என்று இருமும், வெள்ளைப் புகை கக்கும், ஸ்டார்ட் மட்டும் ஆகாது. நம் தெருவில் ஏறுகிற நாலு பெண்களும் உங்கம்மாவும் சேர்ந்து முக்குவரை தள்ளித்தான் கிளப்ப வேண்டும், பனியன் கம்பெனிக்குப் போவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு ஒரு ஷிப்ட் வேலை ஆகிவிடும். ஹீட்டர் பிளக் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. டீசல் வண்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும், பென்சில் மொத்தத்தில் ஒரு கம்பி, சாவி போட்டதும் அதன் நுனி பழுத்துச் சிவந்து உள்ளே சூடேற்றிக் கொடுக்கும், குளிருக்கு அது இல்லாமல் இன்ஜின் எழுந்திருக்காது. வேறு காலமாக இருந்தால் பேசாமல் கியாசுதீன் பாய் பட்டறையில் விட்டிருப்பேன். பதினெட்டு வருசமாக நம் வண்டியில் வேறொருவர் கை பட்டதில்லை. ஆனால் அவரோடுதான் நமக்குப் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்றே.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போனவன் ரோட்டு வளைவில் கரண்டுக் கம்பத்தில் கொண்டுபோய் மோதினேன். முன் சீட்டில் இருந்த பொன்னாத்தாள் அக்காவுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது, கம்பெனியில் செக்கிங் பிரிவில் பிசிறு நூல் வெட்டுகிற கை. மிதித்தேன், பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். மூன்று நாளைக்கு முன்னால்தான் பாய் பிரேக் வேலை செய்து கொடுத்திருந்தார். அவர் ஓடி வந்து எல்லார் முன்னாலும் வண்டியை ஓட்டி நிறுத்திக் காட்டினார், "பிரேக் புடிக்குதுங்கண்ணா, நீங்களே பாருங்க" என்றார். நீ இப்போதுதான் அடியில் புகுந்து சரி பண்ணிவிட்டு ஓட்டிக் காட்டுகிறாய், எனக்குத் தெரியாதா என்று நான் கத்தினேன். அப்புறம் அவர் மெல்ல, "மிதிச்சீங்களாங்கண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருசமாக வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது! வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். நீயும் அங்கிருந்து கூகுளில் அவர் பட்டறைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, பிரேக்கை அரைகுறையாக மாட்டி என் அப்பாவைக் கொல்லப் பார்த்தவர் என்று இங்கிலீஷில் எழுதினாய். அதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் வேன் விடுவதை நிறுத்தினார்கள். நானும் சந்தோசப்பட்டேன், மறைப்பானேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். யூடியூபில் ஒரு மலையாளத்துக்காரர் செய்வதை ரெண்டு தடவை பார்த்துக்கொண்டேன். முந்தின நாளே மறையில் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும், ஆறிப்போய் முறுக்கினால் பிளக் உள்ளேயே ஒடிந்து தொலையும், அதனால் பல்லடம் ரோடு வரை ஓட்டிவிட்டு வந்து பத்து மணிக்கு வாசலில் வைத்துத் திறந்தேன். நாலும் அழகாகக் கழன்று வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை, பாய் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிட்டது என்று உங்கம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். புதுசு நாலை அப்படியே மாட்டியிருக்கலாம். எனக்குத்தான் யாரையும் நம்பி வழக்கமில்லையே, கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டியிருப்பானோ என்று ஒவ்வொன்றாக பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். கருப்பு ஒயர் கிளிப்பில் பிளக்கைக் கவ்வ வைத்து, சிவப்பு ஒயரை அதன் தலையில் தொட்டால் பத்து எண்ணுவதற்குள் நுனி செக்கச்செவேல் என்று ஆகும். ரெண்டு நன்றாக இருந்தது. மூன்றாவதும் சிவந்தது, சிவப்பு ஒயரை எடுத்தேன், கிளிப் நழுவி பிளக் எங்கேயோ விழுந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து தேடினேன், இன்ஜின் சந்தில் தேடினேன், காணோம். தேடத் தேட ரப்பர் தீய்கிற நாற்றம். ஒயர்தான் கருகுகிறது என்று பேட்டரியைக் கழற்றினேன். நாற்றம் நிற்கவில்லை. "ஏ சாரதா, அடுப்புல என்னத்த வெச்சுப்போட்டு வந்தே, கருகுது பாரு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், "அடுப்ப நிறுத்தி ஒரு மணி நேரமாச்சுங்க" என்றவள், "அய்யோ, ஏனுங்க, உங்க கால்ல பொகைங்க" என்று போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

குனிந்து பார்த்தேன் கண்ணு. அந்தப் பிளக் என் வலது பாதத்துக்கும் செருப்புக்கும் நடுவில் படுத்துக் கிடக்கிறது. அதன் மேல்தான் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன். செருப்பு மட்டுமா தீய்ந்தது, நானும்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறேன். கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன், தோலும் சேர்ந்து வந்தது. அப்போதும் வலிக்கவில்லை. ஒரு துளி, ஒரு சுருக்கு, ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் காலைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கம்மா தண்ணீரை ஊற்றிக்கொண்டு அழுகிறாள், நான் ஸ்குரூ டிரைவரை எடுத்து என் பாதத்தில் குத்திப் பார்க்கிறேன். விரல், குதிகால், உள்ளங்கால், எங்கேயும் உணர்ச்சி இல்லை. கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் சுருக்கென்றது. அடக் கொடுமையே, என் காலே எனக்குச் சொல்லாமல் போய்விட்டதே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. மிதிச்சீங்களாங்கண்ணா? வலது கால், நித்யா. பிரேக் மிதிக்கிற கால். சித்திரையிலிருந்தே பஞ்சு மேல் நடப்பது போல் இருந்தது, செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாமல் ரெண்டு தடவை வெறுங்காலோடு வந்தேன், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும் என்று உங்களிடம் சொல்லாமல் விட்டேன். அன்றைக்கு மழையில் நான் எதை மிதித்தேன், எவ்வளவு மிதித்தேன், மிதித்தேனா என்பதே எனக்குத் தெரியாது. மிதித்ததாக நினைத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் தினம் காலையும் சாயங்காலமும் அத்தனை உயிரை இந்தக் காலை நம்பி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி போனோம். டாக்டர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார், இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகப் போயிற்று. சர்க்கரையால் பாதத்து நரம்பு செத்திருக்கிறது, எத்தனை வருசமாக மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று திட்டினார். விரலுக்கு ஆபத்து வராமல் புண்ணை ஆற்றிவிடலாம் என்கிறார், தினம் கட்டு மாற்ற வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது, ஸ்கூட்டர் கூடக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். வேன் ஓட்டத்தை அன்றோடு விட்டேன், கம்பெனியில் வேறு வண்டி போட்டிருக்கிறார்கள்.

நேற்று அம்மாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து பாய் பட்டறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலில் இருந்த கட்டைத்தான் பார்த்தார், பழைய சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ, "என்னங்கண்ணா இது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிரேக் பிடித்தது பாய், நான்தான் மிதிக்கவில்லை, காலுக்கு உணர்ச்சி இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். என்னைத் திட்டுவார், நாலு பேர் முன்னால் கேவலப்படுத்துவார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர், "நெசமாத்தான் சொல்றீங்களாங்கண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "சத்தியமாங்களா?" என்று மறுபடியும் கேட்டார். கேட்டுவிட்டு, கிரீஸ் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். "மொதல்ல எனக்குக் கோவந்தாங்க. அப்பறம் ஊட்டுக்குப் போயி யோசிச்சா, அண்ணன் பொய் சொல்ற ஆளில்லையே, அப்ப நாமதான் எதையோ முடுக்காம உட்டுட்டோம்னு நெனைச்சுப்போட்டனுங்க. எந்த போல்ட்டுன்னு யோசிச்சு யோசிச்சு, இப்ப பிரேக் வேலையே எடுக்கறதில்லீங்கண்ணா" என்றார். டீ கொண்டுவந்த அவர் சம்சாரம் சபுரா பீவிதான் மிச்சத்தைச் சொன்னது. பொன்னாத்தாள் அக்காவின் கைக்குக் கட்டுப் போட்ட மறுவாரமே பாய் அந்த அக்கா வீட்டுக்குப் போய், என்னாலதானுங்க உங்க கை ஒடிஞ்சுது, மன்னிச்சுக்கங்க என்று கைகூப்பி நின்றாராம். அந்த அக்காவும் போய்யா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். என் பேச்சை என்னை விட அவர் நம்பியிருக்கிறார் கண்ணு, அந்த டீயைக் குடிக்க என்னால் முடியவில்லை. சாயங்காலம் அவரே வந்து நாலு பிளக்கையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், ஒரு தொடலில் வண்டி கிளம்பிற்று.

உன்னைப் பற்றியும் கேட்டார். பாப்பா மேல் கோபமில்லை, அப்பனுக்கு ஒன்று என்றால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும் என்றார். அவர் எதையும் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். நீ எழுதியதை அழித்தால் மட்டும் போதாது. அதே இடத்தில், பிரேக் சரியாகத்தான் இருந்தது, என் அப்பா ஆத்தப்பனின் காலுக்குத்தான் உணர்ச்சி இல்லை, பழி போட்டது எங்கள் தப்பு என்று என் பெயரைப் போட்டே எழுது. உன் அப்பனுக்குத் தலைக்குனிவு என்று தயங்காதே. அவரோடு போனிலும் ஒரு வார்த்தை பேசு.

உனக்கு எல்லா நலமும் கூடிவர எங்கள் ரெண்டு பேரின் ஆசீர்வாதம். இது நம் குடும்பத்தில் ஓடுகிற வியாதி, இந்த மாதமே சர்க்கரை பார்த்துக்கொள், பார்த்ததை எனக்கு மறைக்காமல் சொல். நாளைக் காலையில் நான் பொன்னாத்தாள் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பாய் தானும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன், என் தப்புக்கு அவர் ஒரு தடவை போய்க் கைகூப்பிவிட்டு வந்தது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆத்தப்பன்