கழுத்தின் இடது பக்கம்

9 ஜூன், திங்கள்

வெயில். ஆடிக்கு முன்பே காற்று மட்டும் வந்துவிட்டது, மழை இல்லை. களிமண்ணுக்கு இந்தக் காற்று ஆகாது. காலையில் சுற்றிய ஈரச் சாக்கு மதியத்துக்குள் அப்பளம்.

அப்பா சிலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, ஆள் அளவு. கால்கள் சரி. கைகள் சரி. தலை பரவாயில்லை. கழுத்து வரவில்லை.

இடது பக்கம் மட்டும் தடித்துக்கொண்டே போகிறது. வழித்து எடுக்கிறேன், சரியாகிறது. அப்பா எதிரே வந்து உட்கார்ந்ததும் கை தானாக அங்கே மண்ணை அப்புகிறது. அவர் போன பிறகு பார்த்தால் கோணல். மறுபடி வழிக்கிறேன். எனக்கு இடப்பக்கம் கை கனம், மண் கூடப் போய்விடும் என்று கல்லூரியிலேயே சொல்வார்கள். அந்தப் பழக்கம்தான்.

ஷெட்டின் மறுபாதி நசீர் அண்ணனுடையது. கோரிப்பாளையத்துக்காரர். வீட்டு சீலிங்குக்கு பிளாஸ்டரில் பூ வார்க்கிறார். போகிறபோக்கில் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, அப்பாவுக்குப் பொன்னுக்குவீங்கியா?"

"கை தப்புதுண்ணே."

"சீலிங்குக்கு வந்துரு. அங்க எல்லாப் பூவும் ஒரே மாதிரி."

சிரித்துவிட்டு வழித்தேன்.

வாங்க வேண்டியவை: கட்டுக்கம்பி. பழைய சாக்கு. தேங்காய் நார். சோப்பு.

11 ஜூன், புதன்

பள்ளி திறந்தாகிவிட்டது. அப்பா பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஸ்கூல் வேனை மேலூர் ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு உட்கார வந்தார். சட்டையில் யாரோ ஒரு குழந்தையின் பிஸ்கட் தூள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் சாயமாட்டார். ஏன் என்று கேட்டால், "சாஞ்சா தூக்கம் வரும்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாத்தா அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா உட்காருவார், சாயமாட்டார். அந்த முதுகுக்காகத்தான் இந்தச் சிலையே.

இன்று கண்ணை நம்பவில்லை. காலிப்பரை எடுத்து அப்பாவின் கழுத்தையே அளந்தேன். நடுக்குழியிலிருந்து வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். ஒன்றாக இல்லை. திருகாணி தளர்ந்திருக்கும் என்று முறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். ஒன்றாக இல்லை.

டீ குடித்தார். விழுங்கும்போது தோலுக்கடியில் ஏதோ ஏறி இறங்கியது. நெல்லிக்காய் அளவு.

"இது எம்புட்டு நாளா இருக்குப்பா?"

"எது?"

அவர் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"அட. சட்டைக் காலர் பிடிக்குதுன்னு டெய்லரோட சண்ட போட்டுட்டு வந்தேன். பாவம் அந்தாளு."

என் கை சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வழித்து வழித்துப் போட்டது நான்.

12 ஜூன், வியாழன்

ஆஸ்பத்திரி. முதலில் ஸ்கேன். பிறகு கழுத்தில் ஊசி குத்தி, கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். முடிவு அடுத்த வியாழன். டாக்டர் என் வயதுப் பெண். "பயப்படாதீங்க." இதை எல்லோருக்கும் சொல்வார்களே.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "வண்டி ஓட்டலாம்ல?"

அம்மாவின் கடைசி மாதங்கள் முழுக்க இது போன்ற பெஞ்சுகளில்தான். இதற்கு மேல் எழுதவில்லை.

14 ஜூன், சனி

பேரையூரிலிருந்து அத்தை. அப்பாவுக்கு அக்கா. பை நிறைய முருங்கைக்காய். வந்ததும் தம்பியின் கழுத்தை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, சிலையைப் பார்க்க வேண்டும் என்றாள். யார் சொன்னார்களோ.

ஷெட்டில் சாக்கை விலக்கினேன். கிட்டப் போய் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பியாடி இது?"

"ஆமா அத்தை."

"உசுரோட இருக்குறவனுக்கு எவளாச்சும் சிலை வைப்பாளா? செத்தவுகளுக்குத்தான்டி வைப்பாக. நீ வச்ச, அவனுக்குக் கழுத்துல வந்துருச்சு."

"கட்டி முன்னாடியே இருந்துச்சு அத்தை. இதச் செஞ்சதுனாலதான் தெரிஞ்சுச்சு."

"படிச்ச பேச்சு பேசாத. வியாழக்கிழமைக்குள்ள ஒடைச்சிரு."

நசீர் அண்ணன் குறுக்கே வந்து, "யக்கா, ஒரு டீ சொல்லவா?"

"டீயும் வேணாம் ஒன்னும் வேணாம். நீயும் சேந்துதான் செஞ்சியா?"

"நான் பூ மட்டுந்தேன் யக்கா."

பஸ் ஏற்றிவிடும்போதும் அதையேதான் சொன்னாள். கோபமாக இல்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு. அதுதான் கஷ்டம்.

17 ஜூன், செவ்வாய்

ஞாயிறும் நேற்றும் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. மண் வெடித்திருக்கும். வெடித்தால் வெடிக்கட்டும் என்றும் ஓர் எண்ணம். நான் உடைத்ததாக இருக்காது, தானாகப் போனதாக இருக்கும்.

போய்ப் பார்த்தால் சாக்கு சொதசொதவென்று ஈரம். தரையெல்லாம் தண்ணீர்.

"அப்பாதான்," என்றார் நசீர் அண்ணன். "டெய்லி ட்ரிப் முடிச்சுட்டு வந்து ஊத்துறாரு. செடிக்கு ஊத்துற மாதிரி. கொஞ்சமா ஊத்துங்கன்னா கேக்க மாட்றாரு."

மூலையில் மண்வெட்டி. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வியாழன் வரைக்கும் இல்லை. முடிவு மோசமாக வந்தால் அத்தை பக்கம் போய்விடுவேன். அது தெளிவாகத் தெரிந்தது. படித்தது எதுவும் கை கொடுக்காது.

மதியம் அப்பா வந்தார். கையில் பிளாஸ்டிக் மக்.

"ஒடைச்சிரட்டாப்பா?"

"அக்காவுக்காக ஒடைக்கிறதுன்னா ஒடைச்சுக்க. எனக்காக ஒடைக்காத."

சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தார். அளவாக, சொன்னபடி.

"எங்கய்யா நாற்காலியில உக்காந்திருக்குற மாதிரி இருக்கு," என்றார், தாத்தாவைச் சொல்லி. பிறகு, வேனில் ஏசி வேலை செய்யவில்லை என்று வேறு பேச்சு.

19 ஜூன், வியாழன்

கெட்ட கட்டி இல்லை.

கெட்ட கட்டி இல்லை.

தைராய்டில் சாதாரணமாக வருவதுதானாம். ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன். "சீக்கிரமே பாத்து கூட்டிட்டு வந்துட்டீங்க. எப்படித் தெரிஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார். "அளந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்பா: "அப்ப டெய்லரத்தான் பாக்கணும். லூசா வைக்கச் சொல்லி."

அதன் பிறகு நடந்தவை, வரிசை நினைவில்லை. பார்க்கிங்கில் யாருடைய பைக்கிலோ சாய்ந்து அழுதேன், பைக்கின் சொந்தக்காரர் வந்து பொறுமையாக நின்றார். குஸ்கா. மறுபடி குஸ்கா. அப்பா வேனில் பாட்டுப் போட்டார். வைகையில் தண்ணீர் இல்லை, அதுவும் நன்றாக இருந்தது.

அத்தைக்கு போன். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு: "சரி. அதுக்காக அத வச்சிருக்காத. போனது திரும்பி வந்துரக் கூடாது. ஒடைச்சிரு."

சாயங்காலம் ஷெட். ஒரு சிட்டிகை மண் எடுத்து உருட்டினேன். கழுத்தில் வைக்கவா என்று அப்பாவைக் கேட்டேன்.

"இருக்குறத வை."

வைத்தேன். ஒரே முறை, ஒரே அழுத்து. கழுத்து வந்துவிட்டது.

21 ஜூன், சனி

காலை முதல் நானும் நசீர் அண்ணனும் பிளாஸ்டர் பூசினோம். தலைமுடி, புருவம், காது மடல், எல்லாம் வெள்ளை. சிலை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய வெள்ளைப் பொதி. நாளை பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளி வெளியே போட வேண்டும். முன்பக்கம் அச்சாக நிற்கும்.

பக்கெட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது. மண் சிலை எப்படியும் மிஞ்சப் போவதில்லை. எத்தனை சிலை செய்தவள் நான், பயத்தில் இது கூடத் தோன்றவில்லை.

அத்தைக்கு போன் செய்தேன். "நாளைக்கு ஒடைக்கிறோம். வாங்க."

பொய்யில்லை. முழுதும் சொல்லவுமில்லை.

22 ஜூன், ஞாயிறு

அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பின்பக்கப் பிளாஸ்டர் மூடியை நசீர் அண்ணன் நெம்பி எடுத்தார். உள்ளே ஈர மண், அப்பாவின் முதுகு. கரண்டியை எடுத்தேன்.

"தள்ளு. நான் எடுக்குறேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினாள். முதுகு, தோள், அக்குள். நான் கம்பிகளை நறுக்கி உருவினேன். அப்பா வாசலில் டீ குடித்தபடி, "மெதுவா யக்கா, கூசுது."

"வாய மூடு."

கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "இங்கிட்டுத்தானடி?" ஆமாம் என்றேன். விரலை விட்டு, இடது பக்கத்து மண்ணைப் பிடுங்கி, வெளியே கொண்டுபோய்க் கருவேல மரத்தடியில் வீசினாள். கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். "ஒழிஞ்சது." அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். என்னுடையவையும்.

நான் அச்சைக் கழுவித் துடைத்தேன். அத்தை எட்டிப் பார்த்தாள். குழிந்த முகத்தில் வெளிச்சம் விழுந்தால் அது புடைத்துத் தெரியும். நாம் நகர்ந்தால் அதுவும் திரும்பும். அத்தை இந்தப் பக்கம் போனாள். அந்தப் பக்கம் போனாள்.

"ஏன்டி. எங்கிட்டுப் போனாலும் என்னையவே பாக்குறான்."

"பாத்துட்டுப் போறேன், ஒனக்கென்ன," என்றார் அப்பா வாசலிலிருந்து.

மறுபடி குனிந்து பார்த்தாள். புறங்கையால் அச்சின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இதையாச்சும் ஒடைக்காம வைங்க."

நசீர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல யக்கா. இதுக்குள்ள பிளாஸ்டர ஊத்தி, அது எறுகுன பெறகு இதையும் ஒடைச்சுத்தேன் எடுக்கணும்."

"எடுத்தா?"

"தம்பி வருவாரு. முழுசா."

அத்தை நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அச்சைப் பார்த்தாள். அப்பா டம்ளரின் அடியில் கிடந்த கடைசி மடக்கை விழுங்கினார்.

"ஏன்டா, ஒங்களுக்கு ஒடைக்கிறதத் தவிர வேற பொழப்பே இல்லையா."

சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஒடைக்கிறன்னைக்குச் சொல்லி விடுங்க. நான் வாரேன்."